லைட் போட்டால் கேரவன் பிடிக்கிறது, பகலில் பிரேக்கே இல்லை: எலக்ட்ரிக் பிரேக் பற்றி உதவி தேவை

மலைச்சாலை

எல்லோருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரட்டை ஆக்சில் கேரவன். ஆஸ்திரேலியாவில் கட்டியது, மொத்த எடை 2,500 கிலோ, நாலு சக்கரத்திலும் 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக். இழுப்பது இரட்டை கேபின் டீசல் பக்கி (பிக்கப் வண்டி). டாஷ்போர்டுக்குக் கீழே ப்ரொபோர்ஷனல் வகைக் கன்ட்ரோலர் இருக்கிறது, பக்கி வேகம் குறையும் அளவுக்கு ஏற்பக் கேரவன் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி. பிளக் பெரிய வட்டமான 7 பின்.

பகலில் கன்ட்ரோலரின் கெயினை (பிரேக் வலுவைக் கூட்டும் அளவு) 10 வரை ஏற்றி, அதன் கை லீவரை முழுக்கத் தள்ளினாலும் 40 கி.மீ. வேகத்தில் லேசாக இழுத்துப் பிடிப்பதோடு சரி. டர்பன் அருகே பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கும்போது பாரம் முழுவதும் பக்கியின் பிரேக்மேல்தான் விழுகிறது.

இரவில் இதற்கு நேர்மாறு. ஹெட்லைட் போட்டு 15 கி.மீ. ஓடினால் மூன்று டிரம்கள் கை வைக்க முடியாத சூடு. இடது பின்சக்கரம் மட்டும் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது. பக்கியின் பார்க்கிங் லைட் ஃபியூஸ் (10 ஆம்பியர்) இரண்டு முறை போய்விட்டது. ஆனால் கேரவனில் இண்டிகேட்டர், ஸ்டாப் லைட், பின்விளக்கு எல்லாம் சரியாக எரிகின்றன.

டிரம்முக்குள் கரண்ட் வந்ததும் ஷூவைத் தள்ளிப் பிரேக் பிடிக்க வைக்கும் நாலு காந்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்? அடுத்த மாதம் என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் போக வேண்டும். திரும்பி வரும்போது அதே கணவாயில் இறங்கவும் வேண்டும்.

அச்சாணி

தம்பி, காந்தத்துக்கு இப்போது காசு கொடுக்காதீங்க. லைட் போட்டால் பிரேக் பிடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பின் 5.

நம் ஊர் (தென்னாப்பிரிக்கா) 7 பின் ஒயரிங்கில் 5-ஆம் பின் வலது பின்விளக்கு, பழுப்பு ஒயர். 7-ஆம் பின் இடது பின்விளக்கு, கறுப்பு ஒயர். ஆஸ்திரேலிய ஒயரிங்கில் 5-ஆம் பின் எலக்ட்ரிக் பிரேக், நீல ஒயர். பின்விளக்கு இரண்டும் 7-இல் இருந்து போகும். 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 6 ஸ்டாப் லைட் என்பவை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். பெரிய வட்ட பிளக்கும் அதே அளவு. அதனால் செருகினால் சிக்கென்று பொருந்தும், எல்லா விளக்கும் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஹெட்லைட் போட்டதும் பக்கியின் வலது பின்விளக்குக் கரண்ட் நேராகக் கேரவன் பிரேக்குக்குள் போகும்.

உங்கள் வண்டியில் பகலிலும் கொஞ்சம் பிரேக் பிடிக்கிறது. அப்படியானால் கன்ட்ரோலரின் நீல ஒயரை யாரோ சாக்கெட்டின் பின் 5-இல் சேர்த்திருக்கிறார்கள், அங்கே ஏற்கெனவே இருந்த பழுப்பு ஒயரைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பின்னில் உட்கார்ந்திருக்கின்றன.

இதை உறுதிப்படுத்த இரண்டு சோதனை போதும். கேரவன் பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கி சாக்கெட்டில் பின் 5-க்கும் பின் 3-க்கும் இடையே டெஸ்ட் லாம்ப் வையுங்கள். பிரேக் மிதிக்காமல் பார்க்கிங் லைட்டை மட்டும் போடுங்கள். லாம்ப் எரிந்தால் பழுப்பு ஒயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்து லைட்டை அணைத்துவிட்டு, ஒருவரைக் கன்ட்ரோலர் லீவரை முழுக்கத் தள்ளச் சொல்லி, நீங்கள் வண்டிக்கு முன்னால் நில்லுங்கள். பின்னால் நின்றால் குழப்பம்தான், ஏனென்றால் பல கன்ட்ரோலர்கள் லீவரைத் தள்ளும்போது ஸ்டாப் லைட்டையும் எரிய வைக்கும். முன்பக்கப் பார்க்கிங் விளக்கு எரிந்தால், பிரேக் கரண்ட் உங்கள் விளக்கு ஒயரிங்குக்குள் திரும்பி ஏறுகிறது என்று பொருள்.

ஃபியூஸ் உடனே போகாமல் எப்போதாவது போவதற்கும் இதுவே காரணம். மூன்று காந்தம் ஏறத்தாழ 9 ஆம்பியர், பார்க்கிங் விளக்குகள் 2 ஆம்பியர், ஆக 11. பிளேடு ஃபியூஸ் தன் அளவைவிடப் பத்து சதவீதம் கூடினால் மணிக்கணக்கில் தாங்கும். 35 சதவீதம் கூடினால்தான் பத்து நிமிடத்துக்குள் போகும். தயவுசெய்து 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிடாதீங்க. இப்போது அந்த 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான் விளக்கு ஒயரை எரியாமல் காக்கிறது.

இது சரியாகும்வரை இரவில் கேரவனை இழுக்க வேண்டாம். மழையில் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும், அப்போதும் இதே கதைதான்.

மலைச்சாலை

அண்ணா, நீங்கள் சொன்னதேதான். பார்க்கிங் லைட் போட்டதும் பின் 5-இல் 12.3 வோல்ட். லீவரைத் தள்ளினால் முன்பக்கப் பார்க்கிங் விளக்கு இரண்டும் எரிகின்றன. பழுப்பு ஒயரைக் கழற்றி முனையை மூடிவிட்டேன், இப்போது லைட் போட்டால் பிடிக்கவில்லை. இதோடு விட்டுவிடலாமா? பகல் பிரேக் இன்னும் பலவீனம்தான்.

அச்சாணி

விடக்கூடாது. இப்போது உங்கள் சாக்கெட் ஆஸ்திரேலிய முறையில் நிற்கிறது. நாளைக்கு யாருடைய சின்ன டிரெய்லரையாவது மாட்டினால் அதன் வலது பின்விளக்கு எரியாது, பிரேக் மிதிக்கும்போது மட்டும் மினுக்கும். கேரவனை வேறு வண்டி இழுத்தால் பழைய தொல்லை திரும்ப வரும்.

7 பின்னை முழுக்க நம் ஊர் முறைக்கே கொண்டுவாங்க. பக்கியில் பழுப்பு ஒயர் மறுபடி பின் 5-க்குப் போகட்டும், கன்ட்ரோலரின் நீல ஒயர் அங்கிருந்து வெளியே வரட்டும். கேரவன் பக்கம் பின் 5 வலது பின்விளக்குக்கும், பின் 7 இடது பின்விளக்குக்கும் போக வேண்டும். பிரேக்குக்கு 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிகக் கரண்ட் தாங்கும் இரட்டை முனைப் பிளக்) ஒன்று தனியாக: ஒரு முனை பிரேக், மறு முனை எர்த்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கேரவனின் பேட்டரி சார்ஜுக்கு ஏற்கெனவே சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக் இருந்தால், பிரேக்குக்கு வேறு நிறம் வாங்குங்கள். நிறம் மாறினால் பிளக் கூட்டின் வடிவமும் மாறும், ஒன்று மற்றதில் நுழையாது. ஒரே நிறத்தில் இரண்டு வைத்து, இருட்டில் மாற்றிச் செருகினால் பேட்டரியின் முழு 12 வோல்ட்டும் பிரேக்குக்குப் போய்விடும்.

பன்னிரண்டுவோல்ட்

அண்ணன் சொன்னது இரவுத் தொல்லைக்கு. பகல் பலவீனம் வேறு நோய், அதற்கு அளந்து பார்க்க வேண்டும் தம்பி. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

10 அங்குல, 12 அங்குல பிரேக்கின் காந்தம் ஒன்று குளிர்ந்திருக்கும்போது சுமார் 3.2 ஓம் காட்டும். சின்ன 7 அங்குலத்துக்கு 3.9 பக்கம். முழு 12 வோல்ட் கிடைத்தால் உங்கள் காந்தம் ஒவ்வொன்றும் 3 முதல் 3.75 ஆம்பியர் இழுக்கும், நாலும் சேர்ந்து 12 முதல் 15. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான்.

கன்ட்ரோலரை வைத்து அளக்காதீங்க. அது கரண்டைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது, சாதாரண மல்டிமீட்டர் அதைப் பார்த்து ஏதோ ஒரு சராசரியைக் காட்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றை எடுத்து, நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, கேரவனின் பிரேக் ஒயருக்கும் எர்த்துக்கும் நேரடியாகக் கொடுங்கள். வண்டியோடு இணைப்பு இருக்கக்கூடாது. டிசி கிளாம்ப் மீட்டரால் (ஒயரைக் கவ்வி அளப்பது) அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வைத்தால் அதன் உள் ஃபியூஸ் போய்விடும். ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் விடாதீங்க, காந்தம் சூடானால் ஓம் ஏறிவிடும், கணக்கு மாறிவிடும்.

முதலில் பிளக் முனையில் மொத்த ஆம்பியர். பிறகு ஆக்சில் அருகே ஒவ்வொரு காந்த ஒயரிலும் கிளாம்ப். பூஜ்யம் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. 4-க்கு மேல் போனால் சுருளுக்குள் ஷார்ட். கூடவே காந்தத்தின் ஒரு ஒயருக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள், எதுவும் காட்டக்கூடாது. ஏதாவது காட்டினால் அந்தக் காந்தம் போய்விட்டது. காந்தத்தின் இரண்டு ஒயர்களில் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, எதை எதில் கொடுத்தாலும் வேலை செய்யும்.

பிரேக் ஒயரின் கனத்தையும் பாருங்கள். விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயரையே பிரேக்குக்கும் இழுத்திருப்பார்கள். கணக்கைச் சொல்கிறேன். கன்ட்ரோலரிலிருந்து ஆக்சில்வரை 10 மீட்டர், எர்த் திரும்பி வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் 20 மீட்டருக்கு 0.23 ஓம். நாலு காந்தம் சேர்ந்து 0.8 ஓம்தான். 12.6 வோல்ட் கொடுத்தால் காந்தத்துக்கு 9.8 வோல்ட் போய்ச் சேரும். அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டால் 11.8 வோல்ட் சேரும். 4 சதுர மி.மீ. 11.4 தரும், அதற்குக் கீழே போகாதீங்க. எர்த் ஒயரும் அதே கனம் இருக்க வேண்டும். போகும் கரண்ட் அவ்வளவும் அந்த வழியாகத்தான் திரும்பி வர வேண்டும், டோபார் பந்தின் (கேரவனை மாட்டும் உருண்டை) கிரீஸ் வழியாக அல்ல.

மலைச்சாலை

அக்கா, அளந்துவிட்டேன். பேட்டரி 12.6 வோல்ட். பிளக் முனையில் மொத்தம் 8.9 ஆம்பியர். அப்போது ஆக்சில் அருகே காந்த ஒயரில் 9.5 வோல்ட். இடது பின்சக்கரத்தில் 0, மற்ற மூன்றும் ஏறத்தாழ சமம். உடலுக்கு எதிலும் கசிவு இல்லை. ஒயர் 1.5 சதுர மி.மீ.தான். இடது பின் காந்தத்தை என்ன செய்வது, மாற்றிவிடவா?

பன்னிரண்டுவோல்ட்

மாற்றாதீங்க, இன்னும் தெரியவில்லை. காந்தத்தின் சொந்த ஒயர் பின்தட்டுக்கு வெளியே வந்து ஒரு இணைப்பில் சேரும். அந்த இணைப்பை வெட்டி, காந்தத்தின் இரண்டு முனைகளை மட்டும் ஓம் பாருங்கள். 3.2 பக்கம் காட்டினால் காந்தம் நல்லது, கெட்டது இணைப்பு. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு டர்பன் கடற்காற்றில் உள்ளேயே பச்சை பூத்து அறுந்துவிடும், வெளியே பார்த்தால் அப்படியே இருக்கும். வலதுக்கும் இடதுக்கும் போகும் ஒயர் ஆக்சில் குழாய்க்குள் ஓடினால், அங்கே உராய்ந்து தோல் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாகக் காட்டி, ஓடும்போது கன்ட்ரோலர் ஷார்ட் என்று கத்தினால் முக்கால்வாசி அந்தக் குழாய்க்குள்தான் கோளாறு. பழைய ஒயரை உள்ளேயே விட்டுவிட்டு, புதிய ஒயரைக் குழாய்க்கு மேலே கிளிப் போட்டு ஓட்டிவிடுவது நல்லது.

இனி 3.1 வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்ப்போம். கேரவனுக்குள் ஒயர் தூரம் போக வர 10 மீட்டர் என்று வைத்தால் 0.12 ஓம், 8.9 ஆம்பியருக்கு ஏறத்தாழ 1 வோல்ட். மீதி 2 வோல்ட் இணைப்புகளில் போகிறது. பேட்டரி கொடுத்து வைத்தபடியே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, மறு முனையால் எர்த் வழியில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒரு போல்ட்டுக்கு இந்தப் பக்கம் 0.3, அந்தப் பக்கம் 1.6 என்று குதித்தால் அந்த போல்ட்தான் திருடன். பிளஸ் பக்கமும் இதே மாதிரி.

மலைச்சாலை

இடது பின் காந்தம் 3.3 ஓம் காட்டுகிறது, இணைப்புதான் உள்ளே அறுந்திருந்தது. எர்த் பக்கம் ஏ-ஃப்ரேமில் (கேரவனின் முன்பக்க முக்கோணச் சட்டம்) பெயின்ட் மேலேயே போட்டிருந்த போல்ட்டில் 1.5 வோல்ட் போகிறது. காந்தம் வாங்கும் செலவு மிச்சம், இருவருக்கும் நன்றி. கேரவனில் எல்லாவற்றையும் 6 சதுர மி.மீ. ஒயராக மாற்றுகிறேன். பக்கியில் கன்ட்ரோலரிலிருந்து பின்னால்வரையும் அதே.

பன்னிரண்டுவோல்ட்

எர்த்தைச் சேஸியில் போல்ட் போட்டு விட்டுவிடாமல், காந்தங்களிலிருந்து ஆண்டர்சன் பிளக்வரை தனி ஒயராகவே கொண்டுவாங்க. இணைப்பெல்லாம் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். கன்ட்ரோலருக்குப் பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் அதே கனம், நாலு காந்தத்துக்கு 30 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

நேட்டால்காற்று

ஒயரிங் முடிந்ததும் டிரம்மைக் கழற்றாமல் கிளம்பிவிடாதீர்கள். மூன்று சக்கரங்கள் பிரேக் பிடித்தபடியே பல கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அந்தச் சூட்டில் பேரிங் கிரீஸ் உருகி, சீல் இறுகி, எண்ணெய் லைனிங்மேல் (பிரேக் ஷூவில் டிரம்மோடு உரசும் பகுதி) வழிந்திருக்கலாம். மின்சாரம் எவ்வளவு சரியாக வந்தாலும் கிரீஸ் குடித்த லைனிங் பிடிக்காது. அதைக் கழுவியும் காப்பாற்ற முடியாது, ஷூவை மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும்.

ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் வைக்க வேண்டாம், குழாய் வளையும். சேஸியில் வைத்து, ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது: லைனிங் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். காந்தத்தின் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள், சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதைத் தாங்கும் கையின் புஷ் போய்விட்டது. முகத்தில் செம்புச் சுருள் தெரிந்தால் காந்தத்தின் ஆயுள் முடிந்தது. டிரம்மின் உள்முகத்தில் காந்தம் ஒட்டும் வட்டத்தில் ஆழமான கோடு இருந்தால் லேத்தில் சீவலாம், ஆனால் 0.76 மி.மீ.க்கு மேல் கூடாது. டிரம்மின் உள்விட்டம் புதிதாக இருந்ததைவிட 2.3 மி.மீ. வரை அதிகமாகலாம், அதற்கு மேல் போனால் டிரம் குப்பைக்கு.

இடது, வலது மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மாறியிருந்தால் ரிவர்ஸில் நன்றாகவும் முன்னே ஓடும்போது மந்தமாகவும் பிடிக்கும். செகண்ட் ஹேண்டு வண்டியில் இதைத் தள்ளிவிட முடியாது.

அட்ஜஸ்ட் செய்வது பின்தட்டின் அடியில் உள்ள துளை வழியாக. ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே ஸ்டார் வீலை (ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் பல் சக்கரம்) இறுக்குங்கள். கையால் சுற்றவே முடியாத நிலை வந்ததும் பின்வாங்க வேண்டும், சுமார் பத்து கிளிக். சக்கரம் லேசான உரசலோடு தாராளமாகச் சுற்ற வேண்டும். நாலுக்கும் ஒரே உரசல். சிலர் உரசலே கேட்கக்கூடாது என்று தளர்த்திவிடுவார்கள், அது தவறு. ஷூ அதிகம் நகர வேண்டியிருந்தால் காந்தக் கை எல்லைவரை போயும் அழுத்தம் வராது. பகல் பிரேக் பலவீனத்துக்கு இதுவும் பங்கு வகித்திருக்கும்.

அடுத்து ஷூ பதிய வேண்டும். ஆளில்லாத சாலையில் 65 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்கு, லீவரால் மட்டும், 20 முதல் 30 முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே ஆற விடுங்கள். உங்கள் இடது பின் டிரம் நீண்ட நாள் வேலை செய்யாமல் துரு பிடித்திருக்கும், அது மற்றதைவிட மெதுவாகத்தான் பதியும். முதல் 300 கி.மீ.க்குப் பிறகு மறுபடி அட்ஜஸ்ட், அதன்பின் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை.

மலைச்சாலை

அண்ணா, எல்லாம் முடிந்தது. மொத்தம் 14.1 ஆம்பியர், காந்தத்தில் 11.3 வோல்ட். வலது முன் சக்கரத்தில் மட்டும் சீல் கசிந்து ஷூ நனைந்திருந்தது. அந்த ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஷூ மாற்றி, நாலு சக்கரத்திலும் சீலும் கிரீஸும் புதிது. இப்போது கெயினை எங்கே வைப்பது?

அச்சாணி

பயணத்துக்கு ஏற்றும் சாமானையும் தண்ணீரையும் ஏற்றிவிட்டு வையுங்கள், காலிக் கேரவனில் வைத்தால் சரிவராது. காய்ந்த சமதளத் தார் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் லீவரை முழுக்கத் தள்ளி, கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் ஒரு படி குறையுங்கள். மழை ரோட்டில் இன்னும் குறைக்க வேண்டும்.

வான் ரீனனில் இறங்கும்போது உச்சியிலேயே கீழ் கியருக்கு வாங்க. லீவரைப் பிடித்தபடியே இறங்காதீங்க. இரண்டு மூன்று விநாடி அழுத்தமாகப் பிடித்து விடுங்கள், ஆற விட்டு மறுபடி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால் டவுன் ஹில்லிலும் அப்படியே.

பிரேக்அவே சுவிட்சை இன்னும் யாரும் கேட்கவில்லை. கேரவன் கழன்று ஓடினால் அதன் ஊசி இழுபட்டு, கேரவனில் உள்ள சின்னப் பேட்டரியால் பிரேக்கைப் பிடிக்க வைப்பது அது. கேரவன் பிளக், ஆண்டர்சன் இரண்டையும் கழற்றிவிட்டு ஊசியை இழுங்கள். கழற்றாமல் இழுத்தால் கரண்ட் கன்ட்ரோலருக்குள் திரும்பி ஏறும். ஜாக்கியில் தூக்கிய நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். பார்த்ததும் ஊசியைத் திருப்பிச் செருகிவிடுங்கள், அப்படியே விட்டால் காந்தமும் சூடாகும், சின்னப் பேட்டரியும் இறங்கிவிடும். பூட்டவில்லை என்றால் அந்தப் பேட்டரியின் வோல்ட்டை முதலில் பாருங்கள். ஊசியின் கம்பியைப் பக்கியின் சேஸியில் மாட்ட வேண்டும். டோபார் பந்திலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டினால், பந்து கழன்று போகும்போது கம்பியும் கூடவே போய்விடும், ஊசி இழுபடாது.